‘அதை மறந்துவிடு’ ஏன் பலிப்பதில்லை: பிடிஎஸ்டி பற்றி ஓர் எளிய விளக்கம்

விபத்திலிருந்து தப்பித்தவர், தாக்குதலுக்கு ஆளான பெண், வெள்ளத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் என்று யாராக இருந்தாலும், சுற்றியிருப்பவர்கள் சொல்லும் ஆறுதல் பெரும்பாலும் ஒன்றுதான். "நடந்தது நடந்துபோச்சு. அதையே நினைக்காதே, மறந்துவிடு." அன்போடுதான் சொல்கிறார்கள். கேட்பவரும் மறக்கத்தான் படாதபாடு படுகிறார். ஆனால் சிலருக்கு அது கைகூடுவதே இல்லை. மாதங்கள் கழிந்தும், சிலருக்கு வருடங்கள் கழிந்தும், அந்தச் சம்பவம் இப்போதுதான் நடக்கிறது என்பதுபோல வந்து உலுக்குகிறது. இதற்குப் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக பிடிஎஸ்டி என்பார்கள்; இங்கே நாமும் அப்படியே சொல்வோம்.

ஆரம்பத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிடிஎஸ்டிக்குச் சிகிச்சை இருக்கிறது. நன்றாகப் பலன் தரும் சிகிச்சைகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமானவை எல்லாமே ‘மறந்துவிடு’ என்ற அறிவுரைக்கு நேர் எதிர்த் திசையில் போகின்றன. ஏன் அப்படி என்பது புரிந்துவிட்டால் இந்த நோயில் பாதி புரிந்த மாதிரி.

யாருக்கு வருகிறது?

உயிருக்கே ஆபத்து வந்த சம்பவம், கடுமையான காயம், பாலியல் வன்முறை ஆகியவற்றைத்தான் இந்த நோயைக் கண்டறியும் வரையறையில் பேரதிர்ச்சி என்கிறார்கள். தனக்கே நடந்திருக்க வேண்டும் என்பதில்லை. கண்ணெதிரே இன்னொருவருக்கு நடந்ததைப் பார்த்திருக்கலாம். நெருங்கிய ஒருவர் கொல்லப்பட்டதைத் திடீரென்று கேள்விப்பட்டிருக்கலாம். ஆம்புலன்ஸ் ஊழியர், தீயணைப்பு வீரர், போலீஸ்காரர் போல, தொழில் காரணமாகவே மீண்டும் மீண்டும் கோரமான காட்சிகளைச் சந்திப்பவர்களும் இதில் அடக்கம். கடினமான பிரசவத்துக்குப் பிறகும், தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் கிடந்து மீண்ட பிறகும்கூட சிலருக்கு இது வருகிறது. இதைப் பலர் அறிவதில்லை. "குழந்தைதான் நல்லபடியாகப் பிறந்துவிட்டதே, அப்புறம் என்ன?" என்று கேட்கிற வீடுகளில் அந்தத் தாய் வாயே திறக்கமாட்டார்.

போர் வீரர்களுக்கு மட்டுமே வரும் நோய் என்ற எண்ணம் இன்னும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது. உலக மக்களில் சுமார் 70 சதவீதம் பேர் வாழ்நாளில் ஒரு முறையாவது பேரதிர்ச்சி தரக்கூடிய சம்பவத்தைச் சந்திக்கிறார்கள். அவர்களில் சுமார் 5.6 சதவீதம் பேருக்குத்தான் பிடிஎஸ்டி வருகிறது. மொத்த மக்கள்தொகையில் ஏறக்குறைய 3.9 சதவீதம் பேர் வாழ்வின் ஏதோவொரு கட்டத்தில் இதை அனுபவித்திருக்கிறார்கள். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடமும் கடும் போரில் சிக்கியவர்களிடமும் இந்த விகிதம் மிக அதிகம். ஆண்களைவிடப் பெண்களிடம் அதிகமாகக் காணப்படுகிறது.

இந்த எண்களில் ஒரு கேள்வி இருக்கிறது. ஒரே பேருந்து கவிழ்ந்து பத்துப் பேர் தப்பித்தால், ஏன் ஒருவருக்கு மட்டும் வருகிறது? மன உறுதி குறைவு என்று சட்டென்று தீர்ப்பெழுதிவிடுகிறார்கள். அது தவறு. சம்பவம் எவ்வளவு கடுமையானது, முன்பே வேறு அதிர்ச்சிகள் இருந்தனவா, சிறு வயதில் கொடுமைக்கு ஆளானவரா என்று பல காரணங்கள் சேர்கின்றன. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து ஒரு முக்கியமான முடிவைச் சொன்னது. சம்பவத்துக்கு முன்பு அந்த ஆள் எப்படி இருந்தார் என்பதைவிட, சம்பவத்துக்குப் பிறகு அவருக்கு ஆதரவு கிடைத்ததா, மேலும் மேலும் நெருக்கடிகள் வந்தனவா என்பது கூடுதலாகக் கணக்கில் வருகிறது. என்னைப் பொறுத்தவரை இந்த நோயைப் பற்றிச் சாதாரண மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்திகளில் முதல் இடம் இதற்குத்தான். நடந்ததை நம்மால் மாற்ற முடியாது. நடந்த பிறகு அவரை எப்படி நடத்துகிறோம் என்பது நம் கையில் இருக்கிறது.

எப்படி இருக்கும்?

ஓர் ஓட்டுநரை நினைத்துக்கொள்ளுங்கள். மழை இரவில் எதிரே வந்த லாரி அவர் காரில் மோதியது. அவர் பிழைத்தார். பக்கத்து இருக்கையில் இருந்த நண்பர் பிழைக்கவில்லை. எலும்பு கூடிவிட்டது, தையல் பிரித்தாயிற்று, வேலைக்கும் திரும்பிவிட்டார். எட்டு மாதம் கழித்து ஒரு நாள் பெட்ரோல் பங்கில் நிற்கிறார். பக்கத்தில் நிற்கும் லாரியிலிருந்து டீசல் வாடை வருகிறது. அவ்வளவுதான். நெஞ்சு அடித்துக்கொள்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது, கண்ணாடி நொறுங்கும் சத்தம் காதில் கேட்கிறது. எங்கே நிற்கிறோம் என்பதே சில நொடிகளுக்கு அவருக்குப் பிடிபடவில்லை.

இதைத்தான் மீள அனுபவித்தல் என்கிறார்கள். பழைய நினைவு ஒன்று மனதில் ஓடுவது எல்லோருக்கும் உண்டு. இது வேறு. உடம்பே அந்த இரவுக்குத் திரும்பிப் போய்விடுகிறது. பகலில் இப்படி என்றால் இரவில் கெட்ட கனவாக வரும். அதே விபத்து, அல்லது வேறு வேடத்தில் அதே பயம்.

அடுத்தது தவிர்த்தல். நம் ஓட்டுநர் அந்தச் சாலையை விட்டுவிட்டுச் சுற்றுவழியில் போக ஆரம்பிக்கிறார். அப்புறம் மழை என்றால் வண்டி எடுப்பதில்லை. பிறகு இரவில் எடுப்பதில்லை. நண்பரின் மனைவி போன் செய்தால் எடுப்பதில்லை. யாராவது விபத்துச் செய்தியைப் பேசினால் எழுந்து போய்விடுகிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு, ‘ஆள் தேறிவிட்டார், அதைப் பற்றிப் பேசுவதேயில்லை’ என்று தோன்றும்.

மூன்றாவது, எண்ணத்திலும் மனநிலையிலும் வரும் மாற்றம். "நான்தான் கொன்றுவிட்டேன்." "யாரையும் நம்ப முடியாது." "உலகத்தில் எங்குமே பத்திரம் இல்லை." இப்படியான முடிவுகள் கல்லில் செதுக்கியதுபோல மனதில் நின்றுவிடுகின்றன. மனைவி மக்கள்மீது பாசம் இருப்பது தெரிகிறது, ஆனால் அதை உணர முடியவில்லை. உள்ளே மரத்துப்போய்க் கிடக்கிறது. குடும்பத்தினரை மிகவும் காயப்படுத்துவது இந்த மரத்துப்போன தன்மைதான். "எங்கள்மேல் அவருக்கு அக்கறையே போய்விட்டது" என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நான்காவது, எப்போதும் விறைப்பாகவே இருப்பது. கதவு படாரென்று சாத்தினால் தூக்கிவாரிப் போடும். எந்த அறைக்குள் போனாலும் வெளியே போகும் வழியைக் கண் தேடும். தூக்கம் கெடும், கவனம் நிற்காது, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவார்.

இந்த அறிகுறிகள் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வேலையையும் உறவையும் அன்றாட வாழ்க்கையையும் பாதித்தால்தான் பிடிஎஸ்டி என்று முடிவு செய்கிறார்கள். முதல் சில வாரங்களில் தூக்கம் வராமல் தவிப்பதும் திடுக்கிடுவதும் அழுவதும் இயல்பு. பெரும்பாலானோருக்கு அது தானாகவே தணிந்துவிடும். சிலருக்கு ஆறு மாதம் கடந்த பிறகுதான் முழு அளவில் வெளிப்படும். "அப்போது நன்றாகத்தானே இருந்தாய்?" என்று அவர்களைச் சந்தேகப்படக் கூடாது.

குழந்தைகள் வாயால் சொல்லமாட்டார்கள். நடந்ததையே விளையாட்டாகத் திரும்பத் திரும்ப ஆடுவார்கள். விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்ப வரும். அம்மாவை விட்டு நகரமாட்டார்கள்.

சிறு வயதிலிருந்தே வீட்டுக்குள் வன்முறை, நீண்ட காலச் சிறை, சித்திரவதை என்று தப்ப வழியின்றி வருடக்கணக்கில் அனுபவித்தவர்களுக்கு இதற்கு மேலும் சில சிக்கல்கள் சேர்கின்றன. உணர்ச்சிகளைக் கட்டுப்படுத்த முடியாமை, ‘நான் ஒன்றுக்கும் உதவாதவன்’ என்ற ஆழமான எண்ணம், யாரோடும் நெருங்க முடியாமை. இதைச் சிக்கலான பிடிஎஸ்டி என்று தனியாகப் பிரித்து, உலக சுகாதார நிறுவனம் 2022-இல் நடைமுறைக்கு வந்த தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்திருக்கிறது.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

மூளையில் அமிக்டலா என்று பாதாம் பருப்பு அளவில் ஒரு பகுதி உண்டு. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. அது யோசித்துக்கொண்டு நிற்காது. உடனே உடம்பைத் தயார் செய்துவிடும். இதயம் வேகம் எடுக்கும், தசைகள் இறுகும். ஹிப்போகேம்பஸ் என்ற இன்னொரு பகுதி, நடப்பது எங்கே, எப்போது, எதற்குப் பிறகு எது என்று பதிவு செய்கிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் பகுதி, ‘இது வெறும் பட்டாசுச் சத்தம், பயப்படாதே’ என்று அமிக்டலாவை அமைதிப்படுத்துகிறது.

உயிர் போகும் பயம் வரும்போது இந்தக் கூட்டுவேலை குலைந்துவிடுகிறது. அமிக்டலா உச்சத்தில் இருக்கிறது. வாடை, சத்தம், வெளிச்சம் எல்லாம் துல்லியமாகப் பதிகின்றன. ஆனால் காலமும் இடமும் சரியாகப் பதிவதில்லை. சாதாரண நினைவு, தபால் முத்திரை குத்திய கடிதம் மாதிரி: எங்கிருந்து, எந்தத் தேதியில் வந்தது என்பது அதன் மேலேயே தெரியும். பேரதிர்ச்சி நினைவில் அந்த முத்திரை விழுவதில்லை. அதனால் டீசல் வாடை அந்த நினைவை இழுத்துவரும்போது, இது எட்டு மாதத்துக்கு முந்தையது என்ற தகவல் கூடவே வருவதில்லை. மூளைக்கு அது இன்றைய ஆபத்து. பிடிஎஸ்டி உள்ளவர்களின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்த பல ஆய்வுகளில் அமிக்டலா கூடுதலாகத் துடிப்பதும், அதை அடக்கவேண்டிய முன்மூளைப் பகுதி மந்தமாக இருப்பதும் தெரிந்திருக்கிறது. ‘மனசைத் தைரியமாக வைத்துக்கொள்’ என்று சொன்னால் ஏன் நடப்பதில்லை என்பதற்கு இது ஒரு பதில்.

சரி, அப்படியானால் காலப்போக்கில் ஏன் இது தானாக மங்கவில்லை? பலருக்கு மங்குகிறது. மங்காதவர்களிடம், நோயைக் கட்டிக் காப்பது பெரும்பாலும் தவிர்த்தல்தான். ஓட்டுநர் அந்தச் சாலைக்குப் போகாமல் திரும்பிய ஒவ்வொரு முறையும் அவருக்கு நிம்மதி கிடைக்கிறது. அந்த நிம்மதியிலிருந்து மூளை கற்றுக்கொள்வது என்ன? ‘அங்கே போயிருந்தால் செத்திருப்பேன்; போகாததால் பிழைத்தேன்.’ அந்தச் சாலை இன்று வெறும் சாலைதான் என்று தெரிந்துகொள்ளும் வாய்ப்பே அதற்குக் கிடைப்பதில்லை. நினைவுக்கும் இதே கதிதான். நினைவு தலைகாட்டியதும் உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவதால், அதை முழுதாக எடுத்துப் பார்த்து, நடந்த வரிசையில் கோத்து, ‘இது முடிந்துபோன ஒன்று’ என்று வைக்க முடிவதில்லை. மறக்க எடுக்கும் முயற்சியே நினைவைப் புதிதாக வைத்திருக்கிறது.

நூறு ஆண்டுக்கு முன்பே ஒருவர் சொன்னது

முதல் உலகப் போரின்போது, 1915-இல், சார்லஸ் மையர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் ‘ஷெல் ஷாக்’ என்ற பெயரை மருத்துவ இதழில் பயன்படுத்தினார். குண்டுவெடிப்பின் அதிர்வால் மூளை பாதிக்கப்படுகிறது என்று அப்போது நினைத்தார்கள். குண்டு விழாத இடத்தில் இருந்தவர்களும் நடுங்குவதைப் பார்த்த பிறகுதான் விஷயம் மனதில் இருக்கிறது என்று புரிய ஆரம்பித்தது. எல்லோருக்கும் புரிந்துவிடவில்லை. அந்தப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் படையில் சுட்டுக் கொல்லப்பட்ட வீரர்கள் 306 பேருக்கு 2006-இல்தான் மன்னிப்பு வழங்கப்பட்டது. அவர்களில் பலர் இந்த நோயால் பாதிக்கப்பட்டவர்களாகவே இருந்திருக்கலாம்.

எடின்பரோ அருகே கிரெய்க்லாக்ஹார்ட் மருத்துவமனையில் அதிகாரிகளுக்குச் சிகிச்சை அளித்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், 1917 டிசம்பரில் லண்டனில் மருத்துவர்கள் முன்னால் ஒரு கட்டுரை வாசித்தார். போர் நினைவுகளை மனதிலிருந்து விரட்டு என்று நோயாளிகளிடம் சொல்வது நோயை வளர்க்கிறது என்பதே அதன் சாரம். அதில் ஓர் இளம் அதிகாரியைப் பற்றிச் சொல்கிறார். காணாமல்போன நண்பரைத் தேடிப் போன அவர், குண்டில் சிதறிய உடலைத்தான் கண்டார். அதன் பிறகு ஒவ்வோர் இரவும் அந்த உருவம் கனவில் வந்தது. நினைக்கவே கூடாது என்று மற்றவர்கள் சொன்னதை அவரும் பகலெல்லாம் கடைப்பிடித்தார். இரவில் கனவு இன்னும் கோரமானது.

ரிவர்ஸ் அவரை அந்த நினைவை விரட்டச் சொல்லவில்லை. அதிலேயே ஒரு விஷயத்தைக் கவனிக்கச் சொன்னார். உடல் அப்படிச் சிதறியிருந்தது என்றால், நண்பர் அந்தக் கணமே இறந்திருக்கிறார். காயத்தோடு நெடுநேரம் துடித்துச் சாகும் வேதனை அவருக்கு இல்லை. அதிகாரியின் முகம் உடனே தெளிந்ததாம். சில இரவுகள் கனவே இல்லை. அப்புறம் ஒரு கனவு வந்தது. அதே இடம், அதே உடல். ஆனால் இந்த முறை பயம் இல்லை. நண்பரின் குடும்பத்துக்கு அனுப்ப அவர் பொருட்களைக் கழற்றி எடுக்கிறார். விழிப்பு வரும்போது மிஞ்சியது துக்கம் மட்டுமே. திகில் போய்த் துக்கம் வந்தது என்பது சின்ன மாற்றம் இல்லை. இழப்புக்கு அழ முடிகிற இடத்துக்கு அவர் வந்துவிட்டார்.

இவ்வளவு தெளிவாகச் சொன்ன பிறகும் இந்த நோய்க்கு ஒரு முறையான இடம் கிடைக்க இன்னும் அறுபது வருடம் ஆயிற்று. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய அமெரிக்க வீரர்கள் குழுவாகக் கூடித் தங்கள் கதையைப் பேச ஆரம்பித்தார்கள். இன்னொரு பக்கம், 1974-இல் பாஸ்டனில் இரு பெண் ஆய்வாளர்கள், பாலியல் வன்முறைக்கு ஆளாகி மருத்துவமனைக்கு வந்த பெண்களிடம் அதே மாதிரி அறிகுறிகள் இருப்பதைப் பதிவு செய்தார்கள். போர்க்களமும் படுக்கையறையும் ஒரே காயத்தைத் தருகின்றன என்பது தெரிந்தது. 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் மனநோய்களை வகைப்படுத்தும் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில் பிடிஎஸ்டியைச் சேர்த்தது.

சிகிச்சையில் என்ன செய்வார்கள்?

முதலிடம் பேச்சு சிகிச்சைக்குத்தான். ஆனால் ‘மனசு விட்டுப் பேசினால் சரியாகிவிடும்’ என்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதிர்ச்சி நினைவையே குறிவைத்து, முறை வகுத்து, பயிற்சி பெற்றவர் நடத்தும் சிகிச்சை இது.

எட்னா ஃபோவா என்ற உளவியலாளர் உருவாக்கிய நீடித்த எதிர்கொள்ளல் முறையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை. முதல் ஒன்றிரண்டில் நோயைப் பற்றி விளக்கமும் மூச்சுப் பயிற்சியும். அப்புறம் நம் ஓட்டுநர் கண்ணை மூடிக்கொண்டு அந்த இரவை நிகழ்காலத்தில் சொல்லவேண்டும். "மழை கொட்டுகிறது. வைப்பர் ஓடுகிறது. அவன் பாட்டை மாற்றச் சொல்கிறான். வெளிச்சம் வருகிறது..." முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. நடுநடுவே சிகிச்சையாளர், பூஜ்யத்திலிருந்து நூறு வரை இப்போது பதற்றம் எவ்வளவு என்று கேட்பார். முதல் நாள் தொண்ணூறு, தொண்ணூற்றைந்து என்பார். தேம்பி அழுவார். சொன்னதை ஒலிப்பதிவு செய்து, வீட்டில் தினமும் கேட்கச் சொல்வார்கள்.

கேட்க ஈவிரக்கமில்லாததுபோல இருக்கும். ஆனால் வாரங்கள் போகப் போக அந்த எண் இறங்குகிறது. அதோடு கதையும் நிரம்புகிறது. இதுவரை கண்ணாடி நொறுங்கும் சத்தத்திலேயே நின்றுபோன நினைவு, அதைத் தாண்டிப் போகிறது: ஆட்கள் ஓடிவந்தது, ஒருவர் தன் கையைப் பிடித்துக்கொண்டது, ஆம்புலன்ஸ் வந்தது, தான் உயிரோடு இருப்பது. கடிதத்தில் தேதி விழுகிறது.

இன்னொரு பாதி வேலை வெளியே. தவிர்த்துவந்த இடங்களைப் பட்டியல் போட்டு, எளிதானதிலிருந்து ஆரம்பிப்பார்கள். முதலில் நிறுத்திவைத்த காரில் பக்கத்து இருக்கையைப் பார்த்து உட்காருவது. பிறகு பகலில் தெருமுனை வரை. பிறகு மழையில். கடைசியில் அந்தச் சாலை. ஒவ்வொரு இடத்திலும் பதற்றம் ஏறி, தானே இறங்கும்வரை இருப்பதுதான் விதி. இடையில் ஓடிவந்துவிட்டால் பழைய பாடம்தான் மறுபடி உறுதியாகும். உண்மையிலேயே ஆபத்தான இடத்துக்கு யாரையும் அனுப்பமாட்டார்கள். அடிக்கும் கணவனோடு இன்னமும் வாழும் பெண்ணுக்கு முதல் தேவை பாதுகாப்பான இடம்.

பேட்ரிஷியா ரெசிக் உருவாக்கிய எண்ணச் சீரமைப்பு முறை வேறு வழியில் வருகிறது. பொதுவாக 12 அமர்வுகள். அதில் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட, அந்தச் சம்பவம் விட்டுப்போன முடிவுகளைப் பிடித்து எழுதிப் பரிசோதிப்பார்கள். "நான் அன்று கிளம்பாமல் இருந்திருந்தால் அவன் செத்திருக்கமாட்டான், எனவே நான்தான் கொலைகாரன்." சரி, கிளம்பும்போது லாரி வரும் என்று தெரியுமா? தெரியாமல் நடந்துவிட்டதற்கும், தெரிந்தே தீங்கு செய்ததற்கும் வித்தியாசம் இல்லையா? எதிரே வந்த லாரிக்காரர் என்ன செய்தார்? இப்படிக் கேட்டுக்கேட்டு அவரையே விடைக்குக் கொண்டுவருவார்கள். "உன் தப்பு இல்லை" என்று நூறு பேர் சொல்லியும் ஏறாதது, தானே எழுதிப் பார்க்கும்போது ஏறுகிறது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களிடம் ‘நான் ஏன் கத்தவில்லை’ என்ற கேள்வி இதேபோல வாட்டும். பயத்தில் உடம்பு உறைந்துபோவது மூளையின் தானியங்கிச் செயல், சம்மதம் அல்ல என்பதை அவர்கள் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய விடுதலை!

ஈஎம்டிஆர் என்ற மூன்றாவது முறையை ஃபிரான்சின் ஷபீரோ 1980-களின் இறுதியில் கொண்டுவந்தார். நினைவை மனதில் வைத்துக்கொண்டே, சிகிச்சையாளரின் விரல் இடமும் வலமும் போவதைக் கண்ணால் தொடரவேண்டும். கண் அசைவுக்கு இதில் எவ்வளவு பங்கு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. பலன் இருக்கிறது என்பதில் பெரிய சந்தேகம் இல்லை; உலக சுகாதார நிறுவனம் 2013-இல் தந்த வழிகாட்டுதலில் இதையும் பரிந்துரைத்திருக்கிறது. நடந்ததை விரிவாகச் சொல்ல வாய் வராதவர்களுக்கு இது தோதாக இருக்கலாம்.

மாத்திரைகள் உண்டா? உண்டு. மனச்சோர்வுக்குத் தரும் செர்ட்ராலின், பரோக்சிடின், வென்லாஃபாக்சின் போன்றவை பலருக்கு அறிகுறிகளைத் தணிக்கின்றன. அமெரிக்காவில் செர்ட்ராலினுக்கு 1999-இலும் பரோக்சிடினுக்கு 2001-இலும் இந்த நோய்க்கென்றே அனுமதி கிடைத்தது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தேறியதுபோலத் தோன்றியதும் சொந்த முடிவில் நிறுத்திவிடக் கூடாது. பேச்சு சிகிச்சை கிடைக்காத இடத்திலும், கூடவே கடும் மனச்சோர்வு இருக்கும்போதும் இவை பெரிய துணை.

அல்பிரசோலம், குளோனசிபம், லோரசிபம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் வேறு வகை. சாப்பிட்டதும் நிம்மதியாகத் தூக்கம் வரும் என்பதால் பலர் இவற்றையே பிடித்துக்கொள்கிறார்கள். இந்த நோய்க்கு இவை உதவுவதாகத் தெரியவில்லை. பழகிப்போகும் ஆபத்தும் உண்டு. பெரும்பாலான வழிகாட்டுதல்கள் வேண்டாம் என்றே சொல்கின்றன. ஏற்கெனவே சாப்பிடுபவர் திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து. மருத்துவரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறைக்கவேண்டும். மதுவும் இதே கதைதான். முதல் சில மணி நேரம் தூக்கம் தரும், பின்னிரவைக் கெடுக்கும், நாளடைவில் இன்னொரு நோயாகிவிடும்.

உடனே பேசவைக்கலாமா?

மறக்கச் சொல்வது தவறு என்றால், சம்பவம் நடந்த மறுநாளே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்வது சரியா? ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தார்கள். பேரிடர் நடந்த இடங்களில் ஓரிரு நாளுக்குள் எல்லோரையும் ஒரே அமர்வில் பேசவைப்பது வழக்கமாக இருந்தது. பிரிட்டனில் தீக்காயம் பட்டவர்களிடம் நடத்தி 1997-இல் வெளியான ஆய்வில், அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்குப் பதின்மூன்று மாதம் கழித்து பிடிஎஸ்டி இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம்தான். இப்போது அந்த முறையை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

முதல் நாட்களில் தேவைப்படுவது வேறு. பாதுகாப்பான இடம், தண்ணீர், போர்வை, குடும்பத்தினர் எங்கே என்ற தகவல், பக்கத்தில் ஒருவர். அவராகப் பேசினால் கேட்கவேண்டும். பேசாவிட்டால் தோண்டக் கூடாது. ஒரு மாதம் கடந்தும் தணியவில்லை என்றால் சிகிச்சைக்கு அழைத்துப்போகவேண்டும். அதற்கு முன்பே நிலைமை மிக மோசமாக இருந்தால் காத்திருக்க வேண்டியதில்லை.

வீட்டில் இருப்பவர்கள்

பழைய காட்சிக்குள் அவர் போய்விட்டால், பின்னாலிருந்து தொடாதீர்கள், பிடித்து உலுக்காதீர்கள். கண்ணில் படும்படி முன்னால் வந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அமைதியான குரலில் இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று சொல்லுங்கள். கால் தரையில் பதிவதைக் கவனிக்கச் சொல்லுங்கள். சுற்றிலும் தெரியும் பொருட்களின் பெயரைச் சொல்லச் சொல்லலாம். கெட்ட கனவில் அலறினாலும் எட்ட நின்று குரல் கொடுப்பதே நல்லது.

அவருக்காக எல்லாவற்றையும் தவிர்த்துக் கொடுப்பது அன்பினால்தான். "நீ வரவேண்டாம், நானே போய்க்கொள்கிறேன்" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால் நோய்க்குத்தான் இடம் விடுகிறோம். கட்டாயப்படுத்தவும் வேண்டாம். "தெருமுனை வரை நானும் வருகிறேன், முடியாவிட்டால் கொஞ்சம் நின்று பார்ப்போம்" என்பது நடுவழி. இப்படி ஒருவரைத் தாங்குகிறவரும் களைத்துப்போவார். அவருக்கும் ஓய்வும் பேச ஆளும் தேவை. இதைச் சொல்லாமல் விடுகிறவர்கள்தான் அதிகம்.

சாக வேண்டும் என்ற பேச்சு வந்தால் அதை மிரட்டலாக எண்ணாதீர்கள். நேரடியாகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

உதவி தேடிப் போகும்போது

மனநல மருத்துவர் நோயைக் கண்டறிந்து மருந்து தருவார். பேச்சு சிகிச்சையைப் பெரும்பாலும் மருத்துவ உளவியலாளர் நடத்துவார். போகும் இடத்தில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அதிர்ச்சி நினைவை நேரடியாகக் கையாளும் சிகிச்சையில் பயிற்சி பெற்றவரா, எந்த முறையில்? பொதுவாக ஆறுதல் சொல்லும் கவுன்சலிங்கையே மாதக்கணக்கில் தொடர்ந்துவிட்டு, "எனக்கு எதுவும் பலிக்கவில்லை" என்று முடிவுக்கு வருபவர்கள் பலர். அவர்களுக்கு இந்த நோய்க்கான சிகிச்சையே இன்னும் தொடங்கவில்லை. முறையான ஒரு சிகிச்சையை முடித்தும் போதவில்லை என்றால் இன்னொன்றுக்கு மாறலாம், மருந்தைச் சேர்க்கலாம்.

ஆரம்ப வாரங்களில் கனவுகள் கொஞ்சம் அதிகமாகலாம் என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பலர் அந்தக் கட்டத்தில்தான் நின்றுவிடுகிறார்கள். நிற்கத் தோன்றினால் போகாமல் இருந்துவிடாமல், அதையே அடுத்த அமர்வில் சொல்லுங்கள், வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். குணமான பிறகும் விபத்து நடந்த தேதி நெருங்கும்போதோ, புதிதாக ஓர் இழப்பு வரும்போதோ பழைய பதற்றம் எட்டிப்பார்க்கலாம். ஓரிரு அமர்வுக்குத் திரும்பப் போனால் பெரும்பாலும் போதும்.

முதல் சந்திப்பிலேயே எல்லாவற்றையும் சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை. "ஒரு சம்பவம் நடந்தது. அதிலிருந்து தூக்கம் இல்லை, சில இடங்களுக்குப் போகமுடியவில்லை" என்ற அளவில் ஆரம்பித்தால் போதும். மீதியை எப்போது, எந்த வேகத்தில் சொல்வது என்பதை நீங்களும் சிகிச்சையாளரும் சேர்ந்து முடிவு செய்துகொள்ளலாம்.